தோள் உயரத்தில் ஒரு கை

சென்ட்ரலுக்கு வெளியூர் ரயிலில் வந்திறங்கிய எல்லோருக்கும் பேசின் பிரிட்ஜைத் தெரியும். பெட்டியை இறக்கி, செருப்பை மாட்டி, கதவருகே வந்து நின்ற பிறகு வண்டி நின்றுவிடும். பிளாட்பாரம் காலியில்லை. “பேசின் பிரிட்ஜ்ல போட்டுட்டான்” என்று யாராவது வீட்டுக்குப் போன் போடுவார்கள். மாசி மாதம் ஒரு விடிகாலையில் அப்படி நின்றபோது, காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கம், ஒரு சந்தின் முனையில், ஆள் உயரத்தைவிடப் பெரிதாக வரைந்த இயேசு தெரிந்தார். வெள்ளை அங்கி. தூக்கிய வலது கை. நெஞ்சிலிருந்து கீழே விரியும் இரண்டு கதிர்கள், ஒன்று சிவப்பு, ஒன்று வெளுப்பு.

இறை இரக்க ஆண்டவர் படம். வடசென்னையில் ஆட்டோவின் முன்கண்ணாடியிலும், டீக்கடைக் கல்லாவுக்கு மேலும், லேமினேஷன் போட்டு வாசல் நிலையிலும் இருக்கிற படம்தான். ஆனால் கடையில் வாங்கும் அச்சுப் படத்தில் அவர் நம்மை நேராகப் பார்ப்பார். இந்தச் சுவரில் கண்கள் தாழ்ந்திருந்தன. சந்தில் யாரையோ பார்ப்பதுபோல இருந்தது. யாரை என்று எட்டிப் பார்ப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அந்தக் கண்கள் மனதைவிட்டுப் போகவில்லை. பெரம்பூரில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, அது ஒரு கெபி என்றும், வருடத்துக்கு ஒருமுறை, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறுக்கு முந்தின நாள், அதைப் புதிதாக வர்ணம் தீட்டுவார்கள் என்றும் சொன்னார். அந்தச் சனிக்கிழமை கிளம்பினேன்.

ரயிலில் போயிருக்கலாம். மூர் மார்க்கெட்டிலிருந்து எலக்ட்ரிக் வண்டியில் முதல் நிறுத்தமே அதுதான். ஆனால் நடக்க வேண்டும் என்று தோன்றியது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி, பழைய ஜெயில் ரோடு வழியாக மேற்கே நடந்தேன். மணி பதினொன்று. சித்திரை பிறப்பதற்கு முன்பே சித்திரை வெயில்.

இந்த ரோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டான்லி என்பது ஆங்கிலேய ஆளுநர் ஒருவரின் பெயர். பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே பழைய ஆட்கள் இன்னும் சொல்வது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான். ஹைதர் அலியின் படை சென்னையைச் சுற்றி வந்த காலத்தில், 1782 பஞ்சத்தில், ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்கு இங்கே கஞ்சி ஊற்றினார்கள். அதுவே மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகளைப் படுக்க வைத்துப் பார்க்கப்போய் ஆஸ்பத்திரியும் வந்தது. அதே ரோட்டில் சிறை இருந்தது. சிறை போய், அந்த இடத்தில் பாரதி மகளிர் கல்லூரியில் பெண்கள் படிக்கிறார்கள். ரோட்டின் பெயர் மட்டும் ஜெயிலை விடவில்லை.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இயேசு கடைசித் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறார். எங்கள் பாட்டி அதை நடுத்தீர்வை என்பாள். செத்தவுடன் ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை. உலகம் முடியும்போது எல்லோருக்கும் சேர்த்துப் பொதுத்தீர்வை. அந்தப் பொதுத்தீர்வையில் அரசர் வெள்ளாடுகளை ஒரு பக்கமும் செம்மறிகளை ஒரு பக்கமுமாகப் பிரிக்கிறார். என்ன கேட்டுப் பிரிக்கிறார்? எத்தனை பூசை கண்டாய், எத்தனை ஜெபமாலை சொன்னாய் என்ற கேள்வியே அங்கே வருவதில்லை. பசித்தவனுக்கு, தாகம் எடுத்தவனுக்கு, அந்நியனுக்கு, துணி இல்லாதவனுக்கு, நோயாளிக்கு, சிறையில் கிடப்பவனுக்கு நீ என்ன செய்தாய்? ஆறு பேர். இந்த ஆறில் மூன்று பேர் ஒரே ரோட்டில், ஒரே காலத்தில் இருந்திருக்கிறார்கள்: பசித்தவன், நோயாளி, கைதி. ஊரை விட்டு ஓடிவந்த அந்நியனையும் சேர்த்தால் நான்கு. இவ்வளவு வருடம் இந்த வழியே போய்வந்தும் அது எனக்கு உறைத்ததில்லை.

ரோட்டின் முடிவில் வள்ளலார் நகர் பஸ் நிலையம். மின்ட் என்றாலும் இதுதான். வள்ளலார் வாழ்ந்த ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெரு பக்கத்திலேயே இருக்கிறது. அவர் 1867-ல் வடலூரில் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வருகிறவன் யார், என்ன செய்தவன் என்று அந்த அடுப்பு கேட்பதில்லை.

கேட்ட அடுப்புகளும் உண்டு. பேசின் பிரிட்ஜ் ரோட்டில் திரும்பி, மின்வாரியத்தின் எரிவாயு மின்நிலையத்தைத் தாண்டி வந்தால் பாலத்துக்குக் கீழே பக்கிங்காம் கால்வாய். ஓட்டேரி நல்லா என்ற ஓடையும் இந்த வட்டாரத்தில்தான் அதில் வந்து சேர்கிறது. தண்ணீர் என்று சொல்ல மனம் வராத கருப்பு. ஒரு காலத்தில் எண்ணூர்ப் பக்கமிருந்து உப்பும் விறகும் ஏற்றிவந்த படகுகள் கட்டி நின்ற பேசின் இது. ஊருக்கே அதனால்தான் இந்தப் பெயர். வடக்கே போகும் கால்வாயை 1800-களின் தொடக்கத்திலேயே காக்ரேன் என்பவர் வெட்டிவிட்டார். தெற்கே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டரை வெட்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்கள். 1877–78. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள்.

அந்தப் பஞ்சத்தின்போது கல்கத்தாவிலிருந்து ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்தார். நிவாரணம் அதிகமாகப் போகிறது என்பது அவர் கணக்கு. நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. உண்மையிலேயே பசிக்கிறதா என்று சோதிக்க, வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளிய முகாமுக்கு நடந்து போகச் சொன்னார்கள். நடக்க முடிந்தால் பசி உண்மை. நடக்க முடியாதவன் வழியில் விழுந்தால் அவனுக்குக் கணக்கில் இடமில்லை. சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் என்ற டாக்டர், இந்தக் கூலியில் மனிதன் உயிரோடு இருக்க முடியாது என்று விடாமல் எழுதினார். சில மாதங்களில் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் செத்தவர்கள் செத்துவிட்டார்கள். தீர்ப்பு முன்னால் போய் நின்றுகொண்டு, இரக்கத்தைப் பின்னால் வரச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கால்வாயைக் காட்டலாம்.

சந்து கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டிய அகலம். முனையில் சிமெண்ட் மேடை, கம்பிக் கதவு, உள்ளே சின்ன மாதா சொரூபம். அதற்குப் பின்னால், மாடிவீட்டின் பக்கச் சுவர் முழுக்க அவர். ஏணியில் நின்று, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வெள்ளை அங்கியின் மடிப்புகளுக்குச் சாம்பல் நிறம் இழுத்துக்கொண்டிருந்தார். கீழே பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு ஆயா.

“இன்னா தம்பி, யாரு வோணும்?”

“படம் பார்க்க வந்தேன் ஆயா.”

“படம் இன்னும் முடியல. குந்து.”

குந்தினேன். கெபியைப் பெருக்குவது, விளக்கு ஏற்றுவது, பெரிய வெள்ளிக்கு அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது எல்லாம் இந்த ஆயாதான். அண்டா கழுவிக் கவிழ்த்தபடி மேடையோரம் கிடந்தது. எட்டு நாளைக்கு முன்பு ஊற்றியது. “இந்தத் தபா ரெண்டு அண்டா. பாய் கடப் பசங்களும் வந்து குடிச்சாங்க” என்றாள்.

சந்துக்காரர்கள் ஏணியில் இருந்தவரை ஆர்ட்டிஸ்ட் என்றே கூப்பிட்டார்கள். முன்பு சினிமா பேனர் கம்பெனியில் இருந்தவர். கட்டம் போட்டு, பவுடர் கலரை லின்சீட் எண்ணெயில் குழைத்து, நாற்பது அடி முகம் வரைந்த கை. பிளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. இப்போது கடை ஷட்டரும் பள்ளிக்கூடச் சுவரும் எழுதுகிறார். இந்தப் படத்துக்குக் கூலி வாங்குவதில்லை. பெயிண்ட் செலவு மட்டும் சந்து.

“மொதல்ல போறது செவப்புதான் சார்,” என்றார் இறங்கி வந்து. “வெயிலுக்கு அது நிக்காது. வெள்ள மஞ்சளா ஆவும், ஆனா நிக்கும். செவப்பு மட்டும் ஒரே வருசத்துல ரோஸாப் பூடும்.” எனாமல் டப்பாவைத் திறந்தார். சிக்னல் ரெட். ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒருவர் சொன்ன ஷேடாம். அதற்குப் பிறகு கொஞ்சம் தாங்குகிறதாம்.

அந்தச் சிவப்பும் வெளுப்பும் என்ன என்று ஆயாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சிலுவையில் செத்தவரின் விலாவை ஈட்டியால் குத்தியபோது இரத்தமும் தண்ணீரும் வந்ததே, அதுதான். போலந்து நாட்டுக் கன்னியர் மடத்தில் சமையலும் தோட்டமும் வாயில்காவலும் பார்த்த பவுஸ்தீனா என்ற சகோதரிக்கு 1931 பிப்ரவரி 22 அன்று கிடைத்த காட்சி. மூன்று வருடம்கூடச் சரியாகப் பள்ளிக்கூடம் போகாதவர். சிவப்புக் கதிர் ஆன்மாக்களுக்கு உயிர் தரும் இரத்தம் என்றும், வெளுத்த கதிர் ஆன்மாக்களை நீதியுள்ளவையாக்கும் தண்ணீர் என்றும் நாட்குறிப்பில் எழுதினார். இந்த இரண்டாவதை நான் வெகுகாலம் கவனிக்காமல் இருந்தேன். இரக்கத்தின் படம் என்று எல்லோரும் சொல்லும் இதில் பாதி வெளிச்சம் நீதிக்கு உரியது.

படத்தின் கதையும் லேசானது இல்லை. 1934-ல் வில்னியஸ் நகரத்தில், மிக்கேல் சொப்போச்கோ என்ற குருவானவரின் ஏற்பாட்டில், கசிமிரோவ்ஸ்கி என்ற ஓவியர் முதல் படத்தை வரைந்தார். பவுஸ்தீனா வந்து வந்து பார்த்துத் திருத்தம் சொன்னார். முடிந்தபின் பார்த்து, தான் கண்ட அழகு இதில் வரவில்லையே என்று அழுதார். இதைச் சொன்னபோது ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “பார்ட்டி அழுதா ரொம்பக் கஷ்டம் சார். காசு குடுக்கலன்னாக்கூட தாங்கிக்கலாம்.”

பவுஸ்தீனா 1938-ல், 33 வயதில், காசநோயில் இறந்தார். போர் வந்தது, எல்லைகள் மாறின. அந்த முதல் ஓவியம் பெலாரஸில் நோவா ரூடா என்ற கிராமத்துக் கோவிலில் முப்பது வருடம் கிடந்தது. 1980-களின் பிற்பகுதியில்தான் வில்னியஸுக்குத் திரும்பியது. நடுவில் 1959-ல் ரோமாபுரியே இந்தப் பக்தி முயற்சியையும் படத்தையும் பரப்பக் கூடாது என்று தடை போட்டது. 1978-ல் தடை நீங்கியது. 2000 ஏப்ரல் 30-ல் பவுஸ்தீனாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு இறை இரக்க ஞாயிறு ஆயிற்று. இரக்கத்தைச் சொன்ன படம் பத்தொன்பது வருடம் தீர்ப்புக்குக் கீழ் நின்றிருக்கிறது.

நம் வீடுகளில் இருப்பது அந்தப் படம் இல்லை. அடால்ஃப் ஹிவா என்ற இன்னொரு போலந்து ஓவியர், போரில் தன் குடும்பம் தப்பிய நன்றிக்கடனாகக் கிராக்கோவ் மடத்துக்கு 1940-களில் வரைந்து கொடுத்ததன் வழி வந்தது. அதில்தான் இயேசு நம்மை நேராகப் பார்க்கிறார். முதல் படத்தில், கசிமிரோவ்ஸ்கியினுடையதில், கண்கள் தாழ்ந்திருக்கின்றன. சிலுவையிலிருந்து பார்த்த பார்வை அது என்று பவுஸ்தீனா எழுதியிருக்கிறார்.

“நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா அண்ணே?” என்று கேட்டேன். இல்லை. அவரிடம் இருந்தது சட்டைப்பையில் வைக்கும் அளவு ஹிவா படம்தான், மாதிரிக்காகச் சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார். பிறகு ஏன் கண்களைத் தாழ்த்தினார்?

“மேல இருக்காரு இல்ல சார். நேராப் பாத்தா யாரப் பாப்பாரு? எதிர் மாடி மொட்டமாடியப் பாப்பாரு. கீழ நிக்கிற புள்ளைங்கள யாரு பாக்குறது? அதான் எறக்கிட்டேன்.”

கைப்பேசியில் வில்னியஸ் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆயாவிடம் கொடுத்தார். ஆயா திரைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு என்னிடம் திருப்பினாள்.

அடுத்து இன்னொரு படம் காட்ட ஆசை வந்தது. சிஸ்டின் சிற்றாலயத்தின் பீடச் சுவரில் மைக்கலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை வரைந்த கடைசித் தீர்ப்பு. எனக்கு இதோடு பழைய கணக்கு உண்டு. பாட்டியின் டிரங்குப் பெட்டியில், மூடியின் உள்பக்கம், எப்போதோ காலண்டரிலிருந்து கிழித்து ஒட்டிய துண்டு ஒன்று இருந்தது. கீழே விழுகிறவர்கள், ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறுகண்ணால் பார்க்கிற ஒருவன், நடுவில் கையை ஓங்கிய இயேசு. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்க்காமல் கற்பூர உருண்டையும் பலகாரமும் தேடுவேன். நம் ஊரில் எமலோகப் படம் மாட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் எண்ணெய்க் கொப்பரையைப் பார்த்து இந்தப் பயம் இருந்திருக்கும். பெரியவனானபோது இறை இரக்கப் படம் எங்கள் வீட்டுக்கு வந்தது. டிரங்குப் பெட்டி பரணுக்குப் போனது. ஒருவர் போய் இன்னொருவர் வந்ததாகவே நினைத்தேன்.

ஆர்ட்டிஸ்ட் கைப்பேசியை வெகுநேரம் பார்த்தார். எழுந்து சுவரையும் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே போஸ் சார்.”

எனக்குப் புரியவில்லை.

“பாருங்க. ரைட்டு கை மேல. லெப்ட்டு கை எங்க போவுது? நெஞ்சுப் பக்கம். இதுலயும் அப்டிதான். காயம் இருக்கு பாருங்க, அந்த இடத்துக்குக் கிட்டத்துல.”

உண்மை. மைக்கலாஞ்சலோவின் நீதிபதி வலது கையை ஓங்கியிருக்கிறார். இடது கை விலாவின் காயத்துக்கு அருகே வளைந்து நிற்கிறது. போலந்துப் படத்தில் வலது கை ஆசீர்வதிக்கிறது. இடது கை நெஞ்சருகே அங்கியை விலக்க, அங்கிருந்து கதிர்கள் புறப்படுகின்றன. நானூறு வருடம் தள்ளிய இரண்டு படங்கள், அதே இரண்டு கைகள். எத்தனையோ புத்தகத்தில் இந்த இரண்டையும் பார்த்த எனக்குத் தெரியாதது, பேனர் வரைந்த ஒருவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

“அப்போ கோபம் எங்கே இருக்கிறது?”

“கையில இல்ல சார். தோள்ல இருக்கு.” எழுந்து நின்று செய்து காட்டினார். முழங்கையை மேலே ஏற்றி, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோனார். “கட்அவுட்டுல ஹீரோ அடிக்கப் போறான்னா இப்டி. தோளு ஏறிடும், கழுத்து சுருங்கிடும்.” பிறகு கையை இறக்கி, உள்ளங்கை தோள் உயரத்தில் நிற்கும்படி வைத்தார். “இதுக்கு மேல ஒரு இன்ச்சு போனா அடிக்கிற மாதிரி ஆயிடும். ஒரு இன்ச்சு எறங்கினா டாட்டா காட்ற மாதிரி ஆயிடும். மொத வருசம் நான் மூணு தபா அழிச்சேன்.”

அபயம் தரும் கையை நாம் சிவன் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் காலங்காலமாகப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கை எந்த உயரத்தில் நிற்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. இவர் சொன்னது அதை.

வெயில் ஏறியது. சிவப்புக் கதிர் பாதிவரை வந்திருந்தது. கம்பிக் கதவுக்குள் உண்டியலில் பெரிய புதுப் பூட்டு தொங்கியது. அதைப் பற்றிக் கேட்டேன். ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்னது ஆர்ட்டிஸ்ட்.

போன ஆடி மாதம் உண்டியலை உடைத்துவிட்டார்கள். எதிர்க் கடைக் கேமராவில் முகம் தெரிந்தது. இந்தச் சந்துப் பையன்தான், பதினேழு வயது. சந்து இரண்டானது. போலீசுக்குப் போக வேண்டும் என்றார்கள் பாதிப்பேர். கூடாது என்றாள் ஆயா.

“கேசு போட்டா இன்னா ஆவும்னு இங்க எல்லார்க்கும் தெரியும் தம்பி,” என்றாள் இப்போது. “ஒரு தபா பேரு ஏறிச்சுன்னா அப்பாலிக்கா எங்க இன்னா நடந்தாலும் இவன் வூட்டாண்ட வந்து நிப்பாங்க. இந்த ஏரியா அட்ரஸ் குடுத்தாலே வேல தரமாட்டேன்றான். அதுல இது வேற. வுட்டுருங்கன்னு சொல்லிட்டேன். சாமி காசு, சாமி பாத்துக்கும்.”

“வுட்டது தப்புன்னு நான் சொல்லவே இல்ல,” என்றார் ஆர்ட்டிஸ்ட், சுவரைப் பார்த்தபடியே. “கூப்ட்டு வச்சிக் கேட்டிருக்கணும். ஏன்டா எடுத்த, எதுக்கு எடுத்தன்னு. யாரும் கேக்கல. கேக்காம வுட்டா அவன் இன்னா நெனப்பான்? நம்மள ஒரு ஆளாவே மதிக்கலன்னு நெனப்பான். அதான் அன்னில இருந்து சந்துக்குள்ள கால வெக்கல.”

ஆயா பதில் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. என் வீட்டில் ஒருவரோடு நான் பதினொரு வருடமாகப் பேசுவதில்லை. பணம் சம்பந்தப்பட்ட விஷயம். பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்ற பயமாகவும் இருக்கலாம். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, நான் விட்டது அவர் கடனையா அவரையா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு எல்லாக் கத்தோலிக்கக் கோவிலிலும் வாசிக்கப்போகும் நற்செய்தி நினைவுக்கு வந்தது. யோவான் 20. இறை இரக்க ஞாயிறு அன்று ஒவ்வொரு வருடமும் அதுதான்: தோமையார் கதை. காயத்தில் விரலை இட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்னவர். எட்டு நாள் கழித்து உயிர்த்தவர் வந்து, பார் என்று காயத்தைக் காட்டுகிறார். கேட்டதற்காகத் தோமாவை வெளியே அனுப்பவில்லை. “தோமையார் நம்ம ஊரு ஆளாச்சே” என்றாள் ஆயா, பறங்கிமலை இருக்கும் தெற்குத் திசையில் கையைக் காட்டி. சென்னையில் வந்து ஈட்டியால் குத்துப்பட்டுச் செத்தார் என்பது நம் மரபு. காயத்தைத் தொடக் கேட்டவருக்கு அதே மாதிரி ஒரு காயம்.

காட்டப்பட்ட காயம் என்பது கேள்விதான் என்று எனக்குத் தோன்றியது. நீ செய்தது இது, பார் என்கிறது. திட்டவில்லை, மறைக்கவும் இல்லை. டிரங்குப் பெட்டிக்குள் இருந்தவரும் எங்கள் வீட்டுச் சுவரில் வந்தவரும் ஒரே ஆள் என்பதற்கு அந்த விலாதான் அடையாளம்.

மூன்று மணிக்குச் சந்து நிறைந்தது. இயேசு இறந்த நேரம். வேலைக்குப் போன பெண்கள் சிலர் அப்படியே பையோடு வந்து நின்றார்கள். ஒரு பாய் வீட்டம்மா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறை இரக்க ஜெபமாலை சொன்னார்கள், பத்து நிமிடம். ஆர்ட்டிஸ்ட் ஏணியிலிருந்து இறங்கவில்லை. திரும்பி நின்று, பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே சொன்னார். பின்னால் ஒரு நீண்ட ரயில் வந்து நின்றது. கதவருகே பெட்டிகளோடு நின்றவர்கள் சுவருக்கு மேலே எங்களைப் பார்த்தார்கள்.

பவுஸ்தீனா மடத்து வாயிலில் இருந்தபோது ஒருநாள் மழையில் நனைந்து குளிரோடு ஒரு ஏழை வாலிபன் வந்து சூடாக ஏதாவது கேட்டான். சமையற்கட்டில் கிடைத்த சூப்பைச் சுடவைத்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் வந்தவர் யார் என்று தெரிந்தது. ஆயாவுக்கு இந்தக் கதை தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கவிழ்த்து வைத்த அண்டாவைப் பார்த்ததும் கேட்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

ஜெபம் முடிந்ததும் ஆர்ட்டிஸ்ட் கண்களுக்கு வந்தார். கண் மட்டும் கடைசி. அது அவர் பேனர்க் காலத்துப் பழக்கம், அதற்கு முன்னால் சிற்பிகளின் பழக்கம். மெல்லிய பிரஷ். இமையின் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினார், நின்று பார்த்தார், இன்னும் கொஞ்சம் இறக்கினார். ஏணியிலிருந்து இறங்கி வந்து, சந்தின் நடுவில், ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து மேலே பார்த்தார். திரும்ப ஏறினார்.

டீ வந்தது. முனைக் கடைப் பையன் கம்பிக்கூண்டில் ஏழு கிளாஸ் கொண்டுவந்தான். ஆயா எண்ணினாள். நாங்கள் ஆறு பேர். ஒன்று மிஞ்சியது.

சந்துக்கு வெளியே, ரோட்டின் எதிர்ப்பக்கம், நிறுத்தி வைத்த பைக் ஒன்றின்மேல் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரமாக என்று நான் கவனிக்கவில்லை. கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தான்.

ஆயா எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கூண்டிலிருந்து அந்த ஏழாவது கிளாஸை எடுத்தாள்.

“கேட்டுட்டுக் குடு,” என்றார் ஏணியிலிருந்து, திரும்பாமல்.

“குடுத்துட்டுக் கேக்கறேன்,” என்றாள் ஆயா. கிளாஸ் தளும்பாமல் இருக்க முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வண்டிகள் ஓயும்வரை ரோட்டோரம் நின்றாள்.